கரண்ட் போனால் சொந்தம்

மதுரை சிம்மக்கல்லில், மொத்தக் கடைகளுக்கு மேலே ஒரு குறுகலான மாடிப்படி ஏறினால், வைகைக் கரைச் சாக்கு விற்பனைக் கூட்டுறவுச் சங்கம் என்ற பலகை தெரியும். விவசாயிகளுக்கும் வியாபாரிகளுக்கும் சாக்குப் பைகள் விற்பது அந்தச் சங்கத்தின் வேலை. ஊரார் அதைச் சாக்கு ஆபீஸ் என்றார்கள். படியேறிப் போனவர்களில் பாதிப் பேர் சாக்கு வாங்கிக்கொண்டும், மீதிப் பேர் சாக்குப்போக்குக் கேட்டுக்கொண்டும் இறங்கி வந்ததால் அந்தப் பெயர் இரண்டு வகையிலும் பொருத்தமாகத்தான் இருந்தது.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பியூன் சோணை அதற்குச் சந்தனம் வைத்து, பொட்டு வைத்து, மாலையும் போட்டார். மாலை காய்ந்து உதிர்வதற்குள் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதில் இரண்டே வரிகள். ‘பணியாளர்கள் தங்கள் சொந்த மின்னஞ்சல்களுக்கும் அலுவலகக் கணிப்பொறியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சொந்த அஞ்சலும் அலுவல் அஞ்சலும் ஒன்றோடொன்று கலவாமல் பார்த்துக்கொள்வது தனி அலுவலரின் பொறுப்பு.’

முதல் வரியை எழுத்தர் துளசிராம் படித்தார். இரண்டாவது வரியை, சங்கத்தை நிர்வகித்த தனி அலுவலர் காசிமாயன் படித்தார். நடந்த அத்தனைக்கும் காரணம் அதுதான்.

துளசிராம் படித்ததற்குக் காரணம் இருந்தது. மகாலுக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருந்த அவருக்கு ஒரே மகள், இந்துப்ரியா. பி.காம். முடித்தவள். வந்த வரன்களின் போட்டோவையெல்லாம் முகம் பார்க்கும் முன்பே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், பெங்களூர் விஜய்ஆனந்தின் போட்டோவை மட்டும் திருப்பித் தரவில்லை. கேட்டதற்கு, “எங்கயோ வச்சேன், தேடணும்” என்றாள். போட்டோ அவள் பீரோவில் புடவை மடிப்புக்குள் பத்திரமாக இருந்ததை அவள் அம்மா அலர்மேல்மங்கை பார்த்துவிட்டாள். அதைவிடத் தெளிவாக ஒரு பெண் எப்படிச் சம்மதம் சொல்ல முடியும்? ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில் இருவரும் சாம்பார் வாளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று கொஞ்ச நேரம் பேசியிருக்கிறார்கள். பையன் அமெரிக்காவுக்குக் கிளம்பப் போகிறான், அதற்குள் பெண் பார்த்து நிச்சயம் முடித்தாக வேண்டும். பையனின் அப்பா ரவிசங்கர், மத்திய அரசுக் கணக்கு அலுவலகம் ஒன்றில் ஓய்வு பெற்றவர். “தபால்ல எழுதினா நாளாகும். மெயில் அட்ரஸ் இருந்தா குடுங்க” என்றார். சுற்றறிக்கையை நம்பித் துளசிராம் ஆபீஸ் முகவரியைக் கொடுத்தார். அரசாங்கம் எழுத்தில் அனுமதித்த ஒன்றை அவர் அதுவரை சந்தேகப்பட்டதே இல்லை.

காசிமாயன் படித்ததற்கும் காரணம் இருந்தது. தனி அலுவலர் ஆயிற்றே, தனித்தனி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குத் தனியாக ஒரு உற்சாகம் பிறக்கும். அன்று மாலையே கூட்டம் போட்டார்.

“கலப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்” என்றார். “நான் உரக் கிடங்குல இருந்தப்ப யூரியாவும் உப்பும் ஒரே ரூம்ல கெடந்துச்சு. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா எது யூரியா எது உப்புன்னு ஆருக்குமே தெரியல. ரெண்டையும் யூரியான்னுதான் வித்தோம். விவசாயிக யாரும் ஒண்ணும் சொல்லல. அது அவுக பெருந்தன்மை. அந்த மாதிரி ஒரு தப்பு இங்க நடக்கக் கூடாது.”

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கிய கம்பெனிக்காரர் அன்று தற்செயலாக வந்திருந்தார். “இது பெரிய விஷயமே இல்ல சார். இதே மெஷின்ல ரெண்டு பேர்ல ரெண்டு கணக்குத் தொறந்துக்கங்க. ஒண்ணுல ஆபீஸ், ஒண்ணுல வீடு. தனித்தனி பாஸ்வேர்டு. அஞ்சு நிமிஷ வேலை” என்றார்.

“பிரிவு எங்க இருக்கும்? காட்டுங்க.”

“கண்ணுக்குத் தெரியாது சார். உள்ள இருக்கும்.”

“கண்ணுக்குத் தெரியாத பிரிவ ஆடிட்ல எப்படிக் காட்டுறது?” என்றார் காசிமாயன். கம்பெனிக்காரருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

கண்ணுக்குத் தெரிகிற பிரிவுக்கான ஏற்பாடுகள் மறுநாளே ஆரம்பமாயின. சோணை, கேட்டுக்கு அடித்ததில் மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டை எடுத்து, கம்ப்யூட்டர் திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் அலுவல், வலப்பக்கம் சொந்தம். சங்கத்தின் எண் பொறித்த நாற்காலியில் உட்கார்ந்து அலுவல் அஞ்சலை மட்டுமே பார்க்கலாம். சொந்த அஞ்சல் பார்க்க விரும்புகிறவர் உட்காருவதற்கு வீட்டிலிருந்து சொந்தமாக எதையாவது கொண்டுவர வேண்டும். துளசிராம் சமையலறையில் கிடந்த முக்காலியை டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டார்.

முக்காலியில் அவர் உட்காரும்போதுதான் சூப்பிரண்டு தங்கப்பொண்ணு ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தவர் அவர். “சார், நாற்காலி பிரிஞ்சிருச்சு, சரி. ஓடுறது சங்கத்துக் கரண்டுதான? சர்க்கார் கரண்ட்ல சொந்த மெயில் பாக்கலாமா?”

வழியையும் அவரே சொன்னார். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பேட்டரிப் பெட்டி ஒன்று இருக்கிறது. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் அது தாங்கும். அப்போது மீட்டர் ஓடாது. ஆகவே கரண்ட் இருக்கும்போது அலுவல், கரண்ட் போனால் சொந்தம்.

“அந்த பேட்டரி சங்கத்து கரண்ட்லதான மேடம் சார்ஜ் ஏறுது?” என்று துளசிராம் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த வழியும் அடைபடும் என்பதால் வாயை மூடிக்கொண்டார். அதற்குள் காசிமாயன் கையெழுத்தே போட்டுவிட்டார்.

அதன் பிறகு இன்னொரு சிக்கல். வந்திருக்கிற அஞ்சல் சொந்தமா அலுவலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“படிச்சுப் பாத்தாத் தெரிஞ்சுரும் சார்” என்றார் துளசிராம்.

“அடுத்தவுக சொந்த மெயிலப் படிக்கிறது பாவம் துளசிராம். அதனால யாரும் எதையும் படிக்கப்படாது. மொதச் சொல்ல மட்டும் பாக்கணும். அண்ணே, மாப்ள, மச்சான், சித்தப்பான்னு ஆரம்பிச்சா சொந்தம். பொருள், பார்வைன்னு ஆரம்பிச்சா அலுவல். யாவாரத்துல அண்ணன் தம்பி கெடையாது. எனக்கே கூடப்பொறந்த தம்பி ஒருத்தன் இருக்கான். சாக்கு வாங்க வந்தான். நான் அவனுக்கும் இல்லைன்னுதான் சொன்னேன்.”

மதுரையில் இந்த விதியைப் போட்டார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆட்டோக்காரர் வழிமறித்த போலீஸ்காரரை அண்ணே என்பார். போலீஸ்காரர் அபராதம் எழுதிக்கொண்டே அவரை மாப்ள என்பார். உசிலம்பட்டிக் கடலை வியாபாரி அழகுபாண்டி, புதிதாக மெயில் கற்றுக்கொண்ட உற்சாகத்தில், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து ஒரு ஆர்டர் அனுப்பினார். ‘அண்ணே, கடலை வந்துருச்சு, லாரி கொள்ளுற அளவு சாக்கு ஒடனே வேணும்’ என்பது அதன் முழு வாசகம். முதல் சொல்லைப் பார்த்த தங்கப்பொண்ணு அதைக் கோட்டுக்கு வலப்பக்கம் தள்ளினார். ஆபீசில் அழகுபாண்டி அண்ணே என்று கூப்பிடுவது துளசிராமைத்தான் என்று விசாரித்துக் கண்டுபிடித்து, அதைத் துளசிராமின் சொந்த அஞ்சல் என்று குறித்தார்கள். சொந்த அஞ்சலின் மேல் அலுவலகம் நடவடிக்கை எடுக்க முடியாதல்லவா? கிடங்கில் சாக்கு கூரை வரை அடுக்கிக் கிடந்தது.

அழகுபாண்டி பொறுத்துப் பார்த்துவிட்டு நேரில் வந்தார். “என்னண்ணே, மெயில் போட்டேன், சத்தமே இல்ல. களத்துல கடல நனையுது.”

துளசிராம் விளக்கினார். அழகுபாண்டி கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“அண்ணேன்னு போட்டதுதான் குத்தமா? அப்ப மாப்ளன்னு போட்ருந்தா?”

“அது இன்னும் நெருங்கின சொந்தம்ங்க.”

“அப்ப ஒங்களப் பேரு சொல்லி, வாய்யா போய்யான்னு எழுதிருக்கணும். சாக்குக்காக ஒரு மனுசன அப்படி எழுதச் சொல்லுதா கவுருமெண்டு? நான் வாரேண்ணே” என்று இறங்கிப் போய், கீழே இருந்த தனியார் கடையில் சாக்கு வாங்கி லாரியில் ஏற்றினார். துளசிராம் மாடி ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழகுபாண்டியைப் பற்றிக் கவலை இல்லை. பெங்களூரிலிருந்து இன்னும் மெயில் வரவில்லையே என்பதுதான் கவலை.

மெயில் திங்கட்கிழமை வந்தது. ரவிசங்கர் பணியில் இருந்த காலம் முழுக்க ஒரே விதமாகக் கடிதம் எழுதிப் பழகியவர். மனைவி தாய்வீடு போயிருந்தபோது எழுதிய கடிதத்துக்குக்கூட அவர் நகல் வைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அவருடைய மெயில் இப்படி ஆரம்பித்தது: ‘பொருள்: செல்வி இந்துப்ரியா – பெண் பார்க்க வருதல் – ஒப்புதல் கோருதல் – தொடர்பாக.’

“பொருள்னு இருக்கு. ஆபீஸ் மெயில்” என்றார் தங்கப்பொண்ணு.

துளசிராம் பதறிப்போய் எழுந்தார். “மேடம், அது எனக்கு வந்தது. என் மக விஷயம்.”

“மக விஷயம்னா மொதச் சொல்லு ஏன் பொருள்னு இருக்கு?”

“அவரு எழுதுற வழக்கம் அப்படி மேடம்.”

“நம்ம வழக்கமும் அப்படித்தான சார்” என்று சொல்லி, தங்கப்பொண்ணு அதை அச்செடுத்து, எண் போட்டு, கோப்பில் கட்டி, உள்ளே அனுப்பினார். துளசிராம் கோப்பின் பின்னாலேயே ஓடினார். காசிமாயன் கோப்பைத் திறந்து, முதல் சொல்லைப் பார்த்துவிட்டு மூடினார்.

“சார், அது என் பொண்ணு.”

“துளசிராம், இது ஒங்க பொண்ணுங்கிறது ஒங்க சொந்த அபிப்பிராயம். அத நான் மதிக்கிறேன். ஆனா ஆபீஸ் அபிப்பிராயம்னு ஒண்ணு இருக்கில்ல?”

“பதிலாவது நான் எழுதுறேன் சார்.”

“எப்படி? நீங்க இருக்கிறது கிடங்கு சீட்டு. இது வெளித்தொடர்பு சீட்டு. அந்தக் கோப்ப நீங்க தொடவே கூடாது. பொண்ணப் பெத்தவரு நீங்க. ஒங்களுக்கு இதுல சொந்த ஈடுபாடு இருக்கும்.”

பதிலைத் தங்கப்பொண்ணு தயாரித்தார். சாக்கு கேட்டு எழுதுகிறவர்களுக்கு அனுப்புவதற்கென்றே அங்கே ஒரு வாசகம் தயாராக இருந்தது. ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் கோரியுள்ள பொருள் இருப்பில் உள்ளதா என ஆய்வு செய்யப்பட்டு வருகிறது. தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. இதற்கிடையில் மேற்படி பொருளைத் தாங்கள் வேறிடத்தில் பெற்றுக்கொள்ள இச்சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை.’

அது போனதே துளசிராமுக்கு மறுநாள்தான் தெரியும். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். இரண்டு குடும்பத்துக்கும் வீட்டு மொழி சௌராஷ்டிரம். துளசிராம் அதில்தான் ஆரம்பித்தார். மறுமுனையில் ரவிசங்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழுக்கு மாறினார்.

“ஆபீஸ் விஷயம், தமிழ்லயே பேசிக்கலாம். உங்க பதில் கிடைச்சது.”

“அது என் பதில் இல்லிங்க. ஆபீஸ்ல தெரியாம...”

“உங்க ஐடில இருந்துதானே வந்திருக்கு? நானும் காலமெல்லாம் கவர்மெண்ட்ல குப்பை கொட்டினவன். பரிசீலனையில் உள்ளதுன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? அந்த வார்த்தையை எத்தனை பேருக்கு நானே எழுதியிருக்கேன்.”

துளசிராம் கெஞ்சினார். கேட்டுக்கொண்ட ரவிசங்கர் கொஞ்சம் இளகினார். பையனுக்கும் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார். சேலத்திலிருந்து ஒரு வரன் காத்திருப்பதையும் சொன்னார். “ஒண்ணு பண்ணுங்க. பழைய பதிலை ரத்து செய்றோம்னு அதே ஐடில இருந்து முறையா அனுப்புங்க. பொருள், பார்வை ரெண்டும் இருக்கணும். வேற எங்கயாவது பிரவுசிங் சென்டர்ல இருந்து அனுப்பினா அது செல்லாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கறேன்.”

நேரில் போய் வந்துவிடலாம் என்று துளசிராம் லீவு கேட்டார். காசிமாயன் வருத்தத்துடன் தலையாட்டினார். “பெங்களூர் விஷயம் இப்ப ஆபீஸ் கோப்பு. சொந்த லீவப் போட்டுட்டு ஆபீஸ் விஷயமா போகப்படாது. ஆபீஸ் டூரா போகணும்னா சென்னைல அனுமதி வாங்கணும். எழுதிப் போடவா? ரெண்டு மாசத்துல வந்துரும்.”

ரத்துப் பதிலை ஆபீசே அனுப்பட்டும் என்று கேட்டால், அதையும் பரிசீலனையில் வைத்துவிடுவார்கள். இனி இருந்தது ஒரே வழி. சொந்த அஞ்சலாகத் தானே அனுப்ப, கரண்ட் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கரண்ட் போகவில்லை. புதன்கிழமையும் போகவில்லை. மதுரையில் அது வரை இப்படி ஒரு வாரத்தை யாரும் பார்த்ததில்லை. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், “இந்த வாரம் கரண்ட்காரங்க மகராசனா இருக்கட்டும்” என்று வாழ்த்தினார். துளசிராம் முக்காலியைக் காலடியில் வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்தபடி இருந்தார். அது கொஞ்சம் மெதுவானால் முக்காலியைக் கையில் எடுப்பார். மறுபடி வேகம் பிடித்தால் கீழே வைப்பார். இத்தனை வயதில் ஒரு மனிதன், ஊர் முழுக்க இருட்ட வேண்டும் என்று மீனாட்சியிடம் வேண்டிக்கொள்ள நேர்ந்ததை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. வியாழக்கிழமை கோயிலில் வேண்டியும் கொண்டார்.

வீட்டில் இந்துப்ரியா எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது மட்டும், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மின்விசிறி நின்றது. கடைவீதி முழுக்க ஒரே முனகல் எழுந்தது. துளசிராம் ஒருவர் மட்டும், லாட்டரி விழுந்தவரைப் போல முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பேட்டரிப் பெட்டி கீச் கீச்சென்று கத்த, திரையில் சிவப்புக் கோட்டுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து விரலை வைத்தார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ‘அண்ணே’ என்று ஆரம்பித்தால்தான் ஆபீசில் விடுவார்கள். அப்படி ஆரம்பித்தால் ரவிசங்கர் ஏற்கமாட்டார். ‘பொருள்’ என்று ஆரம்பித்தால்தான் ரவிசங்கர் ஏற்பார். அப்படி ஆரம்பித்தால் தங்கப்பொண்ணு எடுத்துப் போய்விடுவார். துளசிராம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடித்தார்: ‘அண்ணே, பொருள்: முந்தைய பதிலை ரத்து செய்தல்.’

அதற்குக் கீழே தன்னை மறந்து எழுதினார். தவறு நடந்துவிட்டது என்றும், தன் மகள் ஒரு முறையும் தன்னிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை என்றும், இதையும் கேட்கவில்லை என்றும், அதனாலேயே தான் கேட்பதாகவும் எழுதினார்.

பின்னால் நின்று முதல் வரியைப் பார்த்த தங்கப்பொண்ணு, “சார், கொஞ்சம் கையை எடுங்க” என்றார். “இதுல ரெண்டும் இருக்கே. எந்தப் பக்கம் சேர்க்கிறது?”

காசிமாயன் டார்ச் லைட்டுடன் வந்தார். திரையில் அடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதான்யா கலப்பு. சுற்றறிக்கைல சொன்னானே, அது இதுதான். இம்புட்டு நாளா நான் பாக்காமலே தடுத்துக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் கண்ணால பாக்குறேன்.”

“சார், அனுப்பிட்டுப் பேசலாம் சார். பேட்டரி போயிரும். இன்னைக்குத்தான் கடைசி.”

“அனுப்பிட்டா ஆதாரம் போயிருமே துளசிராம். பதறாதீங்க. இது ஒங்களுக்குப் பெருமைதான். சங்கத்துல மொதக் கேஸ் ஒங்க பேர்ல பதிவாகுது.”

துளசிராம் அவர் காலைப் பிடிக்கக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. கீழே கடைவீதியில் எல்லோரும் ஆகா என்றார்கள். கரண்ட் வந்ததும், இன்டர்நெட் வரும் போன் வயரைப் பிடுங்கி, சொந்த அஞ்சலைத் துண்டித்துவிட வேண்டும் என்பது சோணைக்கு உத்தரவு. சோணை துளசிராமின் முகத்தைப் பார்த்தார். “நான் என்ன சார் செய்ய” என்று சொல்லிவிட்டுப் பிடுங்கினார்.

அன்று சாயங்காலமே காசிமாயன் தலைமை அலுவலகத்துக்கு விரிவான அறிக்கை அனுப்பினார். மதுரைச் சங்கத்தில் சொந்த அஞ்சல் ஒன்றுகூடக் கலக்கவில்லை, ஏனெனில் ஒன்றுகூட வெளியே போகவில்லை என்று அதில் பெருமையாகச் சொல்லியிருந்தார். சாக்கு ஆர்டர்களும் வருவது நின்றுவிட்டதால் அலுவல் பக்கமும் துடைத்து வைத்ததுபோல இருப்பதைச் சேர்த்திருந்தார். சென்னையில் அதை மெச்சி, மற்ற சங்கங்கள் மதுரையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

சனிக்கிழமை காலை துளசிராம் பூத்திலிருந்து மறுபடி பெங்களூருக்குப் பேசினார். சேலத்துப் பெண்ணுக்குப் பூ வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ரவிசங்கர் இந்த முறை சௌராஷ்டிரத்தில்தான் பேசினார், மிகவும் அன்பாக. அதுதான் துளசிராமால் தாங்க முடியவில்லை.

ஆபீசிலிருந்து முக்காலியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அலர்மேல்மங்கை கோயிலுக்குப் போயிருந்தாள். இந்துப்ரியா அவர் கையிலிருந்த முக்காலியை வாங்கிச் சமையலறையில் அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு, அந்த வாரம் முழுக்கக் கேட்காத ஒன்றை, வீட்டு மொழியில், மெல்லக் கேட்டாள்: “அவங்க என்னப்பா சொன்னாங்க?”

துளசிராமுக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. ஆபீசில் தமிழ், வாசலைத் தாண்டினால் சௌராஷ்டிரம் என்று, எந்தச் சுற்றறிக்கையும் வராமலே, ஒரே நாக்கில் இரண்டையும் தனித்தனியாக வைத்து வாழ்ந்தவர் அவர். அவள் பிறந்த நாளிலிருந்து மகளிடம் ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசியதில்லை. இப்போது அவளுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையைத் தேடி வாயைத் திறந்தார்.

“மேற்படி விஷயத்தில்,” என்றார் தமிழில், “மேல்நடவடிக்கை ஏதும் எடுப்பதற்கில்லை.”

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. இந்துப்ரியா அழவில்லை. முன்பின் தெரியாத யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.